பின்னால் அவர் வண்டி

ஜூலை 6, ஞாயிறு

பதினெட்டு கிலோமீட்டர். இரண்டு மணி நாற்பது நிமிடம். பல்லடம் ரோட்டில் அருள்புரம் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினோம். திரும்பினோம் என்றுதான் எழுத வருகிறது. ஓடியது நான் மட்டும். ஊட்டுக்காரர் எப்போதும்போல டிவிஎஸ்ஸில் பின்னால்.

முப்பத்தொரு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங். ஏப்ரலோடு போதும் என்று நின்றுகொண்டேன். இந்த வருஷம் டிசம்பரில் கோவையில் ஃபுல் மாரத்தான் ஓடுவது என்று முடிவு. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். இதுவரை நான்கு ஹாஃப் முடித்திருக்கிறேன், அதற்கு மேல் போனதில்லை. ஐம்பத்தேழு வயதில் இது தேவையா என்று இந்துமதி கேட்டாள். மகள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

வலது முட்டி. ஐஸ் வைத்தேன். ஓட்டமில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இருபத்தொன்று. சித்ராதேவியும் வந்தாள். டெய்லர், சிவகங்கைப் பக்கம், என்னைவிடப் பத்து வயது இளையவள். போன வருஷமே ஃபுல் முடித்தவள். எனக்கு வாராவாரம் எவ்வளவு ஓட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது அவள்தான். ஓடிக்கொண்டே பேசுகிறாள். எனக்கு மூச்சு விடவே சரியாக இருக்கிறது.

"அக்கா, அண்ணன் மாதிரி யாரும் வரமாட்டாங்க. எங்க வீட்டுல போர்வைய இழுத்து மூடிக்கிட்டுப் படுத்திருக்கும்" என்றாள்.

உண்மைதான். ஐந்து வருஷத்துக்கு முன் சர்க்கரை வந்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார். நடை சலித்துப்போய் ஓட ஆரம்பித்தேன். முதல் நாள் இவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "நாய் தொரத்தும். நா பொறகால வாரேன்." அன்றிலிருந்து வருகிறார். நான் ஓடும் வேகத்துக்கு வண்டி நிற்காது, விழும். காலை ஊன்றி ஊன்றி வருவார். இன்று கத்துகிறார், "இன்னுங் கொஞ்சம் சீக்கிரம் ஓடு பாரதி, இஞ்சின் காயுது." சித்ராதேவி சிரித்ததில் அவளுக்கு விலா பிடித்துக்கொண்டது. ஓரமாக நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இருபத்திரண்டு. காற்றே இல்லை. கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு உரசுவதுபோலப் போகின்றன.

"எத்தனை கிலோமீட்டர் ஆச்சு?" என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கேட்டார். சொன்னேன். மறுபடியும். "வாயை மூடிட்டு வாங்க" என்றுவிட்டேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டும்போதுகூட முகத்தைப் பார்க்கவில்லை.

ஏன் அப்படிப் பேசினேன்?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மோட்டார் போட்டுவிட்டு மறந்துவிட்டார். மேல்தொட்டி நிரம்பி வாசலெல்லாம் தண்ணீர். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், செருப்பு நனைந்தது தெரியாமல். எல்லார் ஊட்டிலும் நடப்பதுதான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இருபத்தாறு ஓட வேண்டியது.

பதினோராவது கிலோமீட்டரில் திரும்பிப் பார்த்தேன். வண்டி வெளிச்சம் இல்லை. இன்னும் முழுசாக விடியவில்லை. பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். நின்றேன். வரவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. வந்த வழியே திரும்பி ஓடினேன். மூன்று கிலோமீட்டர். அவ்வளவு வேகமாக நான் எந்தப் போட்டியிலும் ஓடியதில்லை.

அருள்புரத்தில், ரோடு பிரிகிற இடத்தில், வண்டியை ஸ்டாண்டு போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீக்கடை திறந்துகொண்டிருந்தார்கள். நான் போய் முன்னால் நின்றதும், பயம் ஒன்றும் இல்லாமல் சாதாரணமாகக் கேட்டார். "ஊட்டுக்கு எந்தப் பக்கம் போறது?"

இந்த ரோட்டில் பாதிக் கம்பெனிகளுக்கு நிட்டிங் மிஷின் பூட்டிக் கொடுத்தவர். முப்பத்தைந்து வருஷம் மெக்கானிக்காக இதே ரோட்டில் போய் வந்தவர்.

"நீ முன்னால போயிட்ட. நா எங்க போறதுன்னு தெரியல, பாரதி" என்றார். வண்டிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

அவரைப் பின்னால் உட்கார வைத்து நான் வண்டியை ஓட்டினேன். வாட்சில் பதினான்கு என்று காட்டியது. அணைத்துவிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

யாருகிட்டயும் சொல்லல. இந்துகிட்டக்கூட. சொன்னா அது நெசமாயிரும்.

காலையில வழக்கம்போல டீ போட்டுக் குடுத்தாரு. சர்க்கரை இல்லாம, எனக்குப் புடிச்ச மாதிரி. அப்ப நேத்து நடந்தது என்ன? தூக்கக் கலக்கம்னு வெச்சுக்கலாமா?

செப்டம்பர் 11, வியாழன்

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி. இந்து கூட வந்தாள். சொல்லிவிட்டேன், வேறு வழியில்லை.

டாக்டர் சின்ன வயது. என்ன வேலை பார்த்தீங்க என்று கேட்டார். இவர் ஆரம்பித்தார். வட்ட மிஷினில் ஊசி எப்படி மாற்றுவது, ஒரு ஊசி கெட்டால் துணியில் எப்படிக் கோடு விழும், சத்தத்தைக் கேட்டே எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று பத்து நிமிடம், ஒரு பிசிறு இல்லாமல். எனக்கு நிம்மதியாக இருந்தது. பார்த்தீங்களா, இவருக்கா மறதி என்று கேட்க வாயெடுத்தேன்.

"காலைல என்னங்க சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர்.

இவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடக் கூடாது என்று டாக்டர் என் பக்கம் கையைக் காட்டினார். இவர் சட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார், அதில் எங்கேயோ பதில் இருப்பதுபோல.

ஸ்கேன், ரத்தம், எல்லாம் எடுத்தார்கள். ஆரம்பம்தான் என்றார்கள். மாத்திரை வேகத்தைக் குறைக்குமாம், நிறுத்தாதாம். இனி வண்டி ஓட்டக் கூடாது, தனியாக விடக் கூடாது.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இந்து பல்லடத்திலிருந்து வந்திருந்தாள். டிவிஎஸ் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அப்புறம் சமையலறையில் என்னிடம், "இனி ஓட்டம் போதும்மா" என்றாள்.

"ஞாயிற்றுக்கிழமை காலைல மட்டும் தான கண்ணு."

"நாலரைக்குப் போயி ஒன்பதுக்கு வர்றீங்க. அந்நேரத்துக்கு அப்பா எந்திரிச்சு ரோட்டுக்குப் போயிட்டா? நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடி என்ன பண்ணப் போறீங்க? அப்பாவவிட அது பெருசா?"

பெரிசில்லை. பெரிசில்லை என்று சொல்ல ஒரு நிமிடம் ஆனது. அவள் அந்த ஒரு நிமிடத்தைக் கவனித்தாள்.

செப்டம்பர் 24, புதன்

ஓடி இருபத்து நான்கு நாள். சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை நூற்றெழுபத்தெட்டு.

எனக்குக் கோபம் வருது. யாரு மேல? அவரு மேல இல்ல. அவரு என்ன பண்ணுவாரு. ஆனா சட்டையத் திருப்பிப் போட்டுக்கிட்டு வந்து நிக்கறப்ப, அஞ்சாவது தடவையா "இன்னைக்கு என்ன கெழமை"ன்னு கேக்கறப்ப, பல்லைக் கடிச்சுக்கறேன். அந்தக் கோபத்த முன்னெல்லாம் ரோட்டுல கொண்டுபோயிக் கொட்டிட்டு வருவேன். இப்ப எங்க கொட்டறது?

அக்டோபர் 5, ஞாயிறு

இதை எழுதத்தான் வேண்டும்.

ஐந்து மணிக்கு அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு ஆறு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், அவர் எழுவதற்குள் வந்துவிடலாம் என்று ஷூவை மாட்டிக்கொண்டேன். கதவை வெளியே பூட்டினேன். ஆமாம், பூட்டினேன். சாவியை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். நன்றாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். ஐந்து வாரம் கழித்து உடம்பு வேர்த்தது அவ்வளவு நன்றாக இருந்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்தால், தரையில் அவருடைய டூல்ஸ் பெட்டி. ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர் எல்லாம் பரப்பியிருந்தது. உள்தாழ்ப்பாளை முழுசாகக் கழற்றி, திருகாணிகளை ஒரு தட்டில் வரிசையாக வைத்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"கதவு தெறக்க மாட்டீங்குது பாரதி. உள்ளார ஒண்ணும் கோளாறு இல்ல. கழட்டிப் பாத்துட்டேன்" என்றார். "நீ எப்படி வெளிய போன?"

நான் பூட்டியதைச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து திருகாணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். தாழ்ப்பாளைத் திரும்ப மாட்டினார். ஒரு திருகாணிகூட மாறவில்லை.

இனி இப்படிச் செய்ய மாட்டேன். ஓட்டமே போனாலும் சரி.

அக்டோபர் 6, திங்கள்

சித்ராதேவியிடம் சொல்லி அழுதுவிட்டேன். பூட்டியதையும் சேர்த்து. திட்டுவாள் என்று நினைத்தேன். "ரோட்டுலதான் ஓடணும்னு யாருக்கா சொன்னா? அண்ணன் கண்ணுல படுற எடத்துலயே ஓடுங்க" என்றாள்.

அவள் சொன்ன இடம், மாநகராட்சிப் பள்ளி மைதானம். காலையில் நடக்கிறவர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். ஒரு சுற்று நானூறு மீட்டர்.

அக்டோபர் 12, ஞாயிறு

முப்பது சுற்று. பன்னிரண்டு கிலோமீட்டர். அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார், ஸ்வெட்டர், பிளாஸ்க், பேப்பரோடு. ஒவ்வொரு சுற்றிலும் அவரைத் தாண்டும்போது கையைத் தூக்கினேன். அவரும் தூக்கினார். நடுவில் ஒருதரம், "எங்க போயிட்டு வர்ற?" என்றார்.

"இந்தா, இங்கதான்" என்றேன்.

"செரி, செரி. பாத்துப் போ."

அக்டோபர் 26, ஞாயிறு

எழுபது சுற்று. எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. ரோட்டில் என்றால் அடுத்த கடை, அடுத்த பாலம் என்று ஏதாவது வரும். இங்கே அதே வேப்பமரம், அதே உடைந்த பெஞ்சு, அதே கோல்போஸ்ட். முட்டிக்காக ஐந்து சுற்றுக்கு ஒருமுறை திசையை மாற்றினேன். நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை குழம்பிவிட்டது. வாட்ச் பார்த்துக்கொண்டது.

அவரால் நாலு மணி நேரம் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தார். தைப்பூசத்துக்குப் பத்து வருஷம் பழனிக்கு நடந்த கால், இன்னும் எட்டி எட்டித்தான் நடக்கிறார். வெளிவட்டத்தில் அவர், உள்வட்டத்தில் நான். வாட்ச்மேன் கதிர்வேல் கேட் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்கிறார். நான் கேட்கவில்லை, அவராகவே.

நவம்பர் 5, புதன்

இரண்டு நாளாக மழை. அவர் ஊட்டுக்குள்ளேயே கிழக்கும் மேற்கும் நடக்கிறார். மைதானத்துக்கு எப்போது போறோம் என்று கேட்கிறார். இடத்தின் பேர் வரவில்லை. "அந்த சுத்தற எடம்" என்கிறார்.

நவம்பர் 16, ஞாயிறு

முப்பத்திரண்டு கிலோமீட்டர். எண்பது சுற்று.

இந்து வந்தாள், சொல்லாமல். நான் ஐம்பதாவது சுற்றில் இருந்தபோது படிக்கட்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. முப்பது சுற்றும் பார்த்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். நான் ஷூவைக் கழற்ற முடியாமல் உட்கார்ந்திருக்க, குனிந்து அவளே கழற்றினாள். பெருவிரல் நகம் கருத்துப்போயிருந்தது.

"அப்பா ஒவ்வொரு தடவையும் சொல்றாரும்மா" என்றாள்.

"என்ன?"

"'அங்க பாரு, உங்கம்மா வர்றா'ன்னு. ஒவ்வொரு சுத்துக்கும். புதுசா பாக்கற மாதிரி."

அப்புறம் நகத்தைப் பார்த்துக்கொண்டே, "டிசம்பர்ல நீங்க போங்க. நா வந்து அப்பாவப் பாத்துக்கறேன். அதுக்கப்புறமும் ஞாயித்துக்கிழமை என்னுது" என்றாள்.

டிசம்பர் 3, புதன்

எட்டு கிலோமீட்டர், மெதுவாக. இனி கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும் என்று சித்ராதேவி சொல்லியிருக்கிறாள். போகத்தான் வேண்டுமா என்று நாளுக்கு நாலு தடவை தோன்றுகிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

முடித்துவிட்டேன். ஆறு மணி முப்பத்தொரு நிமிடம்.

சித்ராதேவி முதல் பத்து கிலோமீட்டர் என்னோடு வந்தாள். அப்புறம், "நீ போ" என்று நான்தான் அனுப்பினேன். முப்பது வரை சிரமமில்லை. முப்பத்திரண்டுக்கு மேல் என் கால் ஓடியதே இல்லை, அங்கிருந்து ஒவ்வொரு அடியும் புதுசு. முப்பத்தாறில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தன்னார்வலர் பெண் உப்பும் வாழைப்பழமும் கொடுத்தாள். "வண்டில ஏறிக்கறீங்களா ஆன்ட்டி?" என்று தன்மையாகத்தான் கேட்டாள். எழுந்து நடந்தேன். நடந்து, ஓடி, நடந்து. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக இவ்வளவு தூரம் தனியாக. அழுகை வந்தது, ஆனால் அழுதால் மூச்சு கெட்டுவிடும், அதனால் அழவில்லை.

சாயங்காலம் ஊடு வந்தேன். அவர் மெடலைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"எவ்வளவு தூரம்?"

"நாப்பத்திரண்டுங்க."

"நெசமாவா? ஓடியா?"

அரை மணி கழித்து மறுபடியும் கேட்டார். சாப்பிடும்போது கேட்டார். படுக்கப் போகும் முன் கேட்டார். நாலு தடவையும் சொன்னேன். நாலாவது தடவை சொல்லும்போதுதான் எனக்கே நம்பிக்கை வந்தது.

ஜனவரி 18, ஞாயிறு

இந்து வந்தாள். நான் ரோட்டில் பதினாறு. போனை எடுத்துப் பார்க்காமல் ஓடினேன். ஒரே ஒரு தடவை பார்த்தேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழிக்கிறார். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது.

மார்ச் 10, செவ்வாய்

மைதானம். பத்து சுற்று ஓடிவிட்டு, மூச்சு வாங்க அவர் பக்கத்தில் நடந்தேன். அவர் கொஞ்சம் ஒதுங்கி எனக்கு வழி விட்டார். அப்புறம் என் ஷூவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க, நீங்க தெனமும் இங்க ஓடறீங்களா?"

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் என்னை அவர் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. இரண்டு அடி தள்ளிப்போய்த்தான் எனக்குப் புரிந்தது.

"ஆமாங்க" என்றேன்.

"முட்டி வலிக்காதுங்களா?"

"வலிக்குங்க."

"என்ற ஊட்டுக்காரியும் ஓடுவாளுங்க" என்றார். "கோயமுத்தூர் போயி நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுனவ. நெசமாலுமே. மெடல் இருக்குது ஊட்டுல."

"அப்படீங்களா."

"கெட்டிக்காரிங்க."

வேப்பமரத்தடியில் வாட்ச்மேன் கதிர்வேல் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். நான் இன்னும் நாலு சுற்று ஓட வேண்டியிருந்தது. ஓடவில்லை. அவர் அவளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார், நான் கூடவே நடந்தேன்.