அப்பா ஏறிய விமானம்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் நீ கூப்பிடும் நேரமெல்லாம் நான் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பின் சீட்டில் ஐயா இருக்கிறார். நான் ஓய்ந்து, கார் ஷெட்டுக்கு மேலே என் அறைக்கு வந்து கூப்பிட்டால் நீ எங்கோ மேகத்துக்குள் இருக்கிறாய். அதனால்தான் கடிதம்.

நேற்று ஐயா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு காரில் ஏறினார். "உன் பொண்ணு என்னை மூணு மணி நேரம் உட்கார வெச்சுட்டாப்பா. மழையாம்" என்றார். எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. இருபத்தாறு வருஷத்தில் நான் அவரை மூன்று நிமிஷம் காக்க வைத்ததில்லை. புதிதாக விமானம் ஓட்டப் படித்து வந்தவளை ஒரு கம்பெனியும் வாசலில்கூட நிற்க விடவில்லை. அப்போது தன் சொந்த விமானத்திலேயே உனக்கு இடம் கொடுத்தவர் அவர். கொஞ்சம் அனுசரித்துப் போனால் என்ன?

முழங்கால் வலி பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அப்பா


மார்ச் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

அது வெறும் மழை இல்லை. ஓடுபாதைக்கு நேர் மேலே இடிமேகம் நின்றது. எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. இரண்டு விமானிகளில் ஒருவர் வேண்டாம் என்றாலும் விமானம் கிளம்பக் கூடாது. கேப்டனுக்கும் போக மனமில்லை. ஆனால் ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது, ஐயா முன்னால் அவருக்கு வாய் திறக்காது. ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீங்கள் வைத்த பெயரைக் காப்பாற்ற வேண்டாமா? நான்தான் சொன்னேன்.

பறப்பது வாரத்துக்கு ஆறு மணி நேரம். மிச்சமெல்லாம் போன் எப்போது அடிக்கும் என்று காத்துக்கிடப்பது. கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் விமானத்தடியில் நிற்க வேண்டும். இங்கே வந்ததிலிருந்து ஒரு சினிமா பார்க்கவில்லை. குளிக்கும்போதுகூட போன் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. விமானிகள் அறை சோபாவில் நான் உட்காரும் இடம் மட்டும் குழிந்துபோய்விட்டது. அதைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டுகிறது.

கோபப்படாமல் படியுங்கள். பயணிகள் விமானக் கம்பெனி ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். தேர்வாகிவிட்டேன். அடுத்த மாதம் சேரச் சொல்கிறார்கள். அங்கே நான் வேண்டாம் என்று சொன்னால் யாரும் அப்பாவிடம் போய்ப் புகார் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் வாயாடி


மார்ச் 16

வாயாடிக்கு,

கடிதம் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். நீ விட்டுப் போனால் நான் ஐயா முகத்தில் எப்படி விழிப்பேன்? நான் படுத்து எழும் அறையே அவருடையது. அந்தப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிப்போடு.

இப்போது நல்ல செய்தி. வெள்ளிக்கிழமை ஐயா என்னையும் விமானத்தில் கூட்டிக்கொண்டு போகிறாராம். "உன் பொண்ணு ஓட்டுறதை நீ ஒரு தடவை பாக்க வேணாமா?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை வாங்கிவிட்டேன். சமையல்காரர், தோட்டக்காரர், வாசல் காவலாளி எல்லோருக்கும் இரண்டு இரண்டு தடவை சொல்லியாயிற்று. அங்கே எல்லோர் முன்னாலும் உன்னை வாயாடி என்று கூப்பிடலாமா, இல்லை மேடம் என்று கூப்பிட வேண்டுமா? எழுது.

உன் அப்பா


மார்ச் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

சட்டை உங்களுக்கு நன்றாக இருந்தது. அன்று நான் உங்களிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அதற்குக் காரணம் உண்டு.

கிளம்பும் முன் வந்த வானிலை அறிக்கை போன தடவையைவிட மோசம். கேப்டன் வழக்கம்போல என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் எழுந்து பின்னால் வந்தேன். நீங்கள் பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். ஐயா சொன்னார்: "உங்கப்பா முதல் தடவையா ஏறியிருக்காரும்மா. இறக்கிவிட்டுடாதே." நான் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டேன்.

நடுவில் இரண்டு தடவை விமானம் தொபுக்கென்று விழுந்ததே, காப்பி கூரைவரை தெறித்ததே, அது எப்போதும் நடப்பது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தீர்களாம். இல்லை அப்பா. முன்னால் நாங்கள் இரண்டு பேரும் விமானத்தை நேராக்கப் போராடிக்கொண்டிருந்தோம். உங்களை என் கையாலேயே கொன்றுவிடப் போகிறேன் என்று நினைத்தேன். ஆபத்து என்று தெரிந்தேதான் கிளம்பினேன். இனி ஒவ்வொரு தடவையும் ஐயா உங்களைக் காட்டுவார், நானும் சரி சரி என்பேன். என்றாவது ஒரு நாள் இறங்காமலே போய்விடுவோம்.

ராஜினாமா எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். நீங்கள் அந்த வீட்டில் இருக்கும்போது அதை எப்படி நீட்டுவேன்? வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள். ஒற்றை அறைதான். ஆனால் நம் அறை.

உங்கள் வாயாடி


மார்ச் 29

வாயாடிக்கு,

உன் கடிதத்தை நம்ப எனக்கு மனசு வரவில்லை. நேற்று கார் ஓட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன். "அன்னைக்கு என்னை எதுக்குங்கய்யா கூட்டிட்டுப் போனீங்க?"

அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீ இருந்தா உன் பொண்ணு முடியாதுன்னு சொல்ல மாட்டா. அதான்."

என்னிடம் மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. தினமும் திரும்புகிற திருப்பத்தை விட்டுவிட்டு வெகுதூரம் போய்விட்டேன்.

ராஜினாமாவைக் கொடுத்துவிடு. நான் வரவில்லை. இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பினால் ஐயா சும்மா விடமாட்டார். அந்தக் கம்பெனிக்கே போன் போட்டு உன்னை உள்ளே சேரவிடாமல் செய்துவிடுவார். நான் இங்கே கிடந்தால், எங்கே போய்விடப்போகிறாள், அப்பனுக்காக வந்துதானே தீர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு காத்திருப்பார். காத்திருக்கட்டும். எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

நீ போனதும் என்னை எதிரே உட்காரவைத்து உனக்கு எழுதச் சொல்வார். நானும் எழுதுவேன். ஐயா மன்னித்துவிட்டார், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வந்து வேலையில் சேர் என்று என் கையெழுத்திலேயே வரும். பதில் போடாதே. மாதம் ஒன்று வந்தாலும் போடாதே. ஒரே ஒரு பதில் போனாலும், இழுத்தால் வந்துவிடுவாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் கடிதங்களில், உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்று ஒரு வரி இருக்கும். அது மட்டும் அவர் சொல்லி எழுதியதாக இருக்காது.

உன் அப்பா