அத்தான் போனில் நான் அணைத்தது

மார்ச் 9, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. பழைய போனில் புது பீட்டா, வெளிவராத சோதனைப் பதிப்பு, இறக்கினேன். முக்கால் மணி நேரம்.

பார்த்தவை:
– அறிவிப்புப் பட்டை மாறியிருக்கிறது. அழகு. பிரயோசனம் இல்லை.
– கேமரா இரண்டு தடவை தானாக மூடிக்கொண்டது.
– பேட்டரி மதியத்துக்குள் பாதி.
– பாதுகாப்புப் பக்கத்தில் 2ஜியை மொத்தமாக அணைக்க ஒரு பொத்தான். போலி டவர் வைத்து மெசேஜ் அனுப்பி ஏமாற்றுகிறவர்களைத் தடுக்க. இந்தப் பதிப்பில் உருப்படி இது ஒன்றுதான். அணைத்தேன்.

எனக்குப் புதுப் போன் வந்துவிட்டது. பழையது அத்தானுக்கு. முறைப்படி பீட்டாவை நீக்கிவிட்டுத் தரவேண்டும். நீக்கினால் எல்லாம் அழியும், மறுபடி ஒரு மணி நேரம். யாருக்குப் பொறுமை? அப்படியே கொடுத்தேன். ஆடு மேய்க்கிறவருக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது.

சாயங்காலம், பிரசவத்துக்கு எங்கள் வீட்டில் இருக்கும் அக்காவைப் பார்க்க வந்திருந்தார். விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் அறுப்பு முடிந்த கரிசலில் கிடை போட்டிருக்கிறார். பகலில் மேய்ச்சல், ராத்திரி ஆடுகளைப் புஞ்சையிலேயே அடைப்பு. நிலத்துக்காரருக்கு உரம்.

"பட்டன் போனு போதும் மாப்ள. இத ஆடு மிதிச்சா சில்லுசில்லா போயிரும்."

"ஊரே 5ஜிக்கு வந்தாச்சு அத்தான். இதுல பிள்ள முகத்தையே பாக்கலாம்."

அக்கா கட்டிலில் இருந்தபடி கேட்டாள். "ஏலே, நான் கூப்ட்டா அடிக்குமா? அத மட்டும் சொல்லு."

"அடிக்காம?"

அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. போன தடவை ஏழாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போன அன்று அத்தான் குளத்தூர்ப் பக்கம் கிடையில். அப்போது அவரிடம் போனே கிடையாது. மறுநாள்தான் வந்தார். பிறகுதான் பட்டன் போன் வாங்கினார். இந்தத் தடவை வளைகாப்பில் அத்தனை பேர் முன்னால் அக்கா அவரைச் சொல்லவைத்தாள்: "கூப்ட்ட உடனே வந்து நிப்பேன்."

சிம்மை மாற்றிப் போட்டேன். பட்டன் போன் என் மேசை டிராயரில்.

மார்ச் 14, சனி

நாள் குறித்ததற்குப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே வலி. நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தீப்பெட்டி ஆலையில் பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்தேன். அம்மா போன். அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டம்.

அக்கா அத்தானுக்குப் பதினோரு தடவை. நான் ஆறு தடவை. "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று அந்தப் பெண் குரல், நிதானமாக.

தண்ணீர் வற்றிவிட்டது, ஆபரேஷன் என்றார்கள். "வீட்டுக்காரர் எங்கம்மா? கையெழுத்து?" என்று நர்ஸ். அம்மா போட்டாள். தள்ளுவண்டியில் போகும்போது அக்கா என்னைப் பார்த்து, "அவிய வந்தாச்சா?"

நான் சொன்னது, சொன்னபடியே: "சார்ஜ் மிச்சம் பிடிக்க ஆஃப் பண்ணிப் போட்டிருப்பாரு."

மதியம் 2.10. பெண் பிள்ளை. இருவரும் நலம்.

அம்மா: "ஆடு குட்டி போட்டுச்சுன்னா ஓடியிருப்பாரு."

நிலத்துக்காரர் நம்பரைத் தேடிப் பிடித்து அத்தானிடம் சொல்லச் சொன்னேன். அவர் புஞ்சைக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டதாம்.

மார்ச் 15, ஞாயிறு

அத்தான் முதல் பஸ்ஸில் வந்தார். காலெல்லாம் கரிசல் புழுதி. பிள்ளையைத் தொடவில்லை, கை கழுவவில்லை என்று. அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

"போன் அடிக்கவே இல்ல செல்வி."

"பதினோரு தடவ."

"சாமி சத்தியமா அடிக்கல."

வராந்தாவுக்குக் கூட்டிப்போய் போனைக் கொடுங்கள் என்றேன். அணைத்துப் போட்டீர்களா என்றும் கேட்டேன், கொஞ்சம் கடுமையாகவே.

"ஆஃப் பண்ணல மாப்ள. மேல 'அவசர அழைப்பு மட்டும்'னு எழுதியிருந்துச்சு. சரி, அவசரம்னா வரும்லான்னு இருந்துட்டேன்."

அப்போதே புரிந்துவிட்டது. அந்தப் பக்கத்துப் புஞ்சைகளில் அவர் சிம்முக்கு 2ஜி மட்டும்தான். பட்டன் போனில் சிக்னல் இரண்டு கம்பி எப்போதும் நிற்கும். நான் 2ஜியை அணைத்த போனைக் கொடுத்திருக்கிறேன். இ.சி.இ., தொலைத்தொடர்பு என்ஜினியரிங் படித்தவன். நான்கு வருடம்.

பாதுகாப்புப் பக்கம் போனேன். பொத்தானைத் திருப்பிப் போட்டேன். ஒரு விநாடி வேலை. போனை அவர் கையில் கொடுத்தேன்.

"டவர் கோளாறு அத்தான்."

யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. அத்தான் அதையே போய் அக்காவிடம் சொன்னார், என்னைச் சாட்சிக்கு நிறுத்தி. நான் தலையாட்டினேன்.

அக்கா: "போன தடவ போன் இல்ல. இந்தத் தடவ டவர் இல்ல."

மார்ச் 16, திங்கள்

பீட்டா குழுவுக்குப் புகார் எழுதினேன். மூன்று பத்தி. எந்தப் பதிப்பு, எந்த இடம், சிக்னல் எப்படி, திரைப்பிடிப்பு நான்கு. "2ஜி மட்டும் உள்ள இடத்தில் இதை அணைத்தால் அழைப்பு வராது என்ற எச்சரிக்கை போதாது. அணைத்தது நான்தான்." இதே வார்த்தைகள். முகம் தெரியாத யாரோ ஒருவனுக்கு உண்மையை எவ்வளவு ஒழுங்காக எழுதுகிறேன்.

ஆலையில் பில் மென்பொருள் தகராறு. கணக்குப் பிள்ளையிடம் "எது செய்தாலும் என்னைக் கேட்டுச் செய்யுங்க, தெரியாம எதையும் தொடாதீங்க" என்று கத்தினேன். பிறகு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

மார்ச் 18, புதன்

அக்கா வீட்டுக்கு வந்தாயிற்று. அத்தான் கிடைக்குத் திரும்பிவிட்டார். ஆடுகளை எத்தனை நாள் அடுத்தவரிடம் விடுவது.

ஆறு மணிக்கு அக்கா போன் அடித்தது. அத்தான். கிடையிலிருந்து. நான் பொத்தானைத் திருப்பிவிட்டதால் இப்போது கிடைக்கிறது.

அக்கா எடுக்கவில்லை. அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்ப மட்டும் டவர் எங்க இருந்து வந்துச்சாம்? அதே காடு, அதே போனு."

அம்மா: "விடுட்டி. ஆம்பளைக்கு ஒரு சாக்கு."

நான் சரிசெய்ததே அவரைப் பொய்யராக்கிவிட்டது.

புகாருக்குப் பதில்: "வடிவமைத்தபடியே இயங்குகிறது." மூடிவிட்டார்கள்.

மார்ச் 20, வெள்ளி

லீவு. பைக்கில் விளாத்திகுளம் தாண்டி. வழி நெடுகக் களத்தில் மிளகாய் வத்தல் காய்கிறது, தும்மல். விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் கம்பி முழுசாக. நாலைந்து கிலோமீட்டரில் 4ஜி போயிற்று. பழக்கத்தில் குறித்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

அத்தான் ஒற்றை வேப்பமரத்தடியில். சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, எனக்கு அது வராது. டவர் கோளாறு இல்லை. நான் அணைத்தது. ஆஸ்பத்திரியிலேயே தெரியும். தெரிந்துதான் பொய் சொன்னேன்.

ஆடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தப் பொத்தான எனக்குக் காட்டு."

காட்டினேன். அணைத்தார். கம்பி போயிற்று. போட்டார். சற்று நேரத்தில் வந்தது. மறுபடி அணைத்தார், போட்டார். நாலு தடவை.

"இம்புட்டுதானா மாப்ள."

அடித்திருந்தால் தேவலை.

கிளம்பும்போது, "செல்விட்ட சொல்லிக்கிடாத. அறுத்த வயிறு. எம்மேல இருக்க கோவம் போதும். உம்மேலயும் கோவப்பட்டான்னா அங்கன அவளுக்குப் பேச ஆள் வேணும்லா."

சரி என்று தலையாட்டினேன். ஒரே வாரத்தில் இரண்டாவது தலையாட்டல்.

மார்ச் 21, சனி

சொல்லிவிட்டேன். காலை பத்து மணி. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

தட்டுவதை நிறுத்தவில்லை. முடியும்வரை கேட்டாள்.

"ஆறு நாளா தெரியும், என்னலே?"

"ஆமா."

"அவிய நம்பர் அடிக்கும்போதெல்லாம் நீ இங்கனதான் உக்காந்திருந்த."

"ஆமா."

"நான் எடுக்காததப் பாத்துக்கிட்டு."

பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினாள்.

"அந்தப் பட்டன் போன எடுத்துட்டு வா."

கொண்டுவந்தேன். வாங்கிப் பார்த்தாள். அக்காவைக் கூப்பிட அத்தான் அழுத்தும் நான்காம் எண்ணில் எழுத்து தேய்ந்திருக்கிறது. திருப்பித் தந்தாள்.

"சார்ஜ் போட்டு நீயே கொண்டுபோய்க் குடு."

அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. அம்மா வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் கூடத்தில் இருக்கும்போதே, நான் இல்லாத மாதிரி. அம்மா என்னைத் திட்டவில்லை. அத்தானைப் பற்றித் தான் பேசியதை நினைத்து அழுதாள்.

மார்ச் 22, ஞாயிறு

மறுபடி கிடைக்கு. காற்று இல்லை. கரிசல் வெடிப்பில் பைக் ஸ்டாண்டு புதைகிறது.

சிம்மை மாற்றினேன். பட்டன் போனில் இரண்டு கம்பி. அத்தான் "சொல்லிட்ட, என்ன?" என்றார், அவ்வளவுதான். பீட்டா போனை என் பையில் போட்டுக்கொண்டேன்.

ஐந்து நிமிடம்கூட இல்லை, அடித்தது. அக்கா. காடு முழுக்கக் கேட்கும் அந்தப் பழைய மணி. இரண்டு ஆடுகள் மிரண்டு ஒதுங்கின.

அத்தான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனார். "ம்" என்றார். ரொம்ப நேரம் "ம்" மட்டும். பிறகு, "பால் குடிக்காளா?" பிறகு சிரித்தார். "யாரு, என் மூக்கா? பாவம்லா அது."

திரும்பி என்னைப் பார்த்தார்.

"மாப்ள இங்கனதான் நிக்கான். குடுக்கட்டா?"

கேட்டுக்கொண்டிருந்தார். பார்வையை ஆடுகள் பக்கம் திருப்பினார். போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"டவர் போயிட்டு மாப்ள."

அவர் கையிலிருந்த போனைப் பார்த்தேன். கம்பி இரண்டும் இருந்தன.