மூன்று மணி ஜன்னல்

அப்பா,

இன்று மூன்று மணிக்கு ஜன்னல் தாழ்ப்பாள் என் கையைச் சுட்டுவிட்டது. எனக்கு இன்று வார லீவு. ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தரையில் கிடந்தவள், எதற்கு எழுந்தோம் என்று யோசிக்கும் முன்பே ஜன்னலருகே போய் நின்றிருக்கிறேன். மேற்கு வெயிலில் காய்ந்துகொண்டிருந்த இரும்பு. தொட்டதும் கையை உதறிக்கொண்டு, ஆளில்லாத வீட்டில் உங்களை வாய்விட்டுத் திட்டினேன்.

பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் இந்த வருஷமும் அதே புழுக்கம்தான். குளித்துவிட்டுத் துவட்டுவதற்குள் மறுபடி உடம்பு நனைந்துவிடுகிறது. மேலே சிமெண்ட் ஷீட். ஃபேன் அந்தச் சூட்டை அள்ளி நம் தலையிலேயே கொட்டுகிறது. அண்ணன் நேற்று போன் செய்தான். மலைமேல் வண்டிப்பெரியாரில், நம் எஸ்டேட் லயத்து வீட்டில், ஃபேன் மாட்டிவிட்டானாம். நீங்கள் இருந்திருந்தால் கேலி பேசியே அவனை ஒரு வழி பண்ணியிருப்பீர்கள்.

எஸ்டேட்டில் சர்வீஸ் முடிந்து நீங்கள் என்னிடம் வந்தது எனக்குத் துணைக்காக. என் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்பி வர வாரக்கணக்காகும். நான் பாட்டில் கம்பெனியில் பேக்கிங்குக்குப் போய்விட்டு இருட்டில் தனியாக வருகிறேன் என்று அண்ணன் சொல்லக் கேட்டு, ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினீர்கள். வந்த இடம் பாலக்காடு என்று உங்கள் உடம்புக்குத்தான் யாரும் சொல்லவில்லை. காலையில் ஸ்வெட்டர், தலையில் கம்பளிக் குல்லா, குளிக்க வெந்நீர், உச்சி வேளையில் ஆவி பறக்கும் பாலில்லாத கட்டன் சாயா. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது அந்த மூன்று மணிதான்.

நம் எஸ்டேட்டில் மூன்று மணிக்கு மேட்டிலிருந்து மஞ்சு இறங்கும். மூடுபனியை நாம் அப்படித்தான் சொல்வோம். லயத்தில் எல்லா வீட்டு ஜன்னலும் அந்நேரம் படபடவென்று சாத்தப்படும். நீங்கள் இங்கேயும் சாத்தினீர்கள். கதவுக்கும் உள்தாழ்ப்பாள்.

"அப்பா, இங்க எங்க மஞ்சு எறங்குது? நெருப்புல்ல எறங்குது!"

"வெயிலு என்னம்மா செய்யும்? சும்மா வேர்க்க வைக்கும். குளிருதான் ஆளக் கொல்லும்."

பக்கத்து வீட்டுப் பழனியம்மாக்காகூடச் சொல்லிப் பார்த்தார். "ஏனுங்கய்யா, ஊட்டுக்குள்ள என்ன முட்டையா அவிக்கறீங்க?" நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே சாத்தினீர்கள். நான் வேலைக்குப் போகாத நாட்களில் நான் திறக்க, நீங்கள் சாத்த, அம்மா இருந்திருந்தால் இரண்டு பேர் மண்டையிலும் குட்டியிருப்பாள்.

போன கோடையில் அந்த நாள் வந்தபோது வெயிலுக்காகப் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டிருந்தார்கள். வெளியே நிற்காதீர்கள் என்று செல்போனில் அரசாங்க மெசேஜ் வந்தபடி இருந்தது. காலையிலேயே ஜன்னலுக்காக நமக்குள் சண்டை. மூன்று மணி தாண்டி, மெஷின் பக்கத்தில் நின்றபடி உங்களுக்குப் போன் போட்டேன். எப்போதும் மணி அடித்ததும் எடுத்து, நான்தான் என்று தெரிந்தும் "அலோ, யாரு?" என்று கத்துவீர்கள். அன்று அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். பழனியம்மாக்காவின் போனும் கிடைக்கவில்லை. கோபத்தில் எடுக்காமல் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை பாட்டிலை அடுக்கிக்கொண்டிருந்தது, கண் போனிலேயே இருந்தது.

சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். மலையாளத்துக்காரர். "ஆள் மாத்தாம லைன விட்டுப் போகான் பாடில்ல" என்றார், போகக்கூடாதாம்.

"அப்பா போன் எடுக்கல சார். ஜன்னலெல்லாம் சாத்தியிருப்பாரு."

"ஜன்னல் சாத்தினா என்ன?"

"ஷீட் வீடு சார்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு தன் பைக் சாவியை எடுத்தார்.

கோயம்புத்தூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. இரண்டு லாரிக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றபோது, இரண்டு பக்கத்து இன்ஜின் சூடும் எங்கள் மேல் அடித்தது. ஏசுவே, அவர் என்மேல் கோபமாகவே இருக்கட்டும், ஆயுசுக்கும் என்னோடு பேசாமல் இருக்கட்டும், உயிரோடு இருந்தால் போதும் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சூப்பர்வைசர் வண்டியை ரோட்டோரத்து மண்ணில் இறக்கி ஓட்டினார்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. தட்டினேன், கத்தினேன், பதில் இல்லை. ரேஷன் பையோடு வந்துகொண்டிருந்த பழனியம்மாக்கா பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "நாங் கெளம்பறப்போ நல்லாத்தானே உக்காந்திருந்தாரு கண்ணு!" சூப்பர்வைசர் கதவை உதைத்தார். இரண்டாம் உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. உள்ளேயிருந்து வந்த சூடு முகத்தில் அறைந்தது.

கட்டிலில் ஸ்வெட்டரோடும் குல்லாவோடும் கிடந்தீர்கள். முகம் சிவந்திருந்தது. அத்தனை புழுக்கத்திலும் உங்கள் மேல் ஒரு பொட்டு வியர்வை இல்லை. அதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். நெற்றியைத் தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டதுபோல இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"மஞ்சு எறங்குது... பிள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிரும்... ஜன்னலச் சாத்து."

ஸ்வெட்டரைக் கழற்ற முடியாமல் கத்தரிக்கோலால் வெட்டினேன். பக்கெட்டை வைத்துக் குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டியது. வெளியே இரும்பு ஸ்டாண்டில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி நாள் முழுக்கக் காய்ந்திருந்தது. பழனியம்மாக்கா தன் வீட்டு மண்பானையைத் தூக்கிவந்து, "தலையில மட்டும் இல்ல கண்ணு, ஒடம்பு பூராம் ஊத்து!" என்று கவிழ்த்தார். சூப்பர்வைசர் சர்பத் கடைக்கு ஓடி, சாக்கில் சுற்றிய ஐஸ்கட்டியோடு ஆட்டோவில் வந்தார். ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் உங்கள் அக்குளிலும் கழுத்திலும் ஐஸை அழுத்திப் பிடித்திருந்தேன். நீங்கள் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தீர்கள். "பிள்ளைக்குக் குளிரும்" என்றீர்கள். எந்தப் பிள்ளைக்கு என்று எனக்குப் புரியவில்லை. தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி பிடித்த கை, என்னால் அடக்க முடியவில்லை. போராடுகிறீர்களே, அப்படியானால் உயிர் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

டாக்டர் சூரியாகாதம், வெயில் தாக்கியிருக்கிறது என்றார். "வாசப்படியே தாண்டலீங்களே சாரு!" என்று பழனியம்மாக்கா அவரோடு சண்டைக்குப் போனார். வார்டுக்கு வெளியே அன்று இரவு முழுக்க உங்கள் குல்லாவைக் கையில் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்த பிறகுதான் நீங்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள்.

தெளிந்ததும் கேட்டேன், எந்தப் பிள்ளை என்று. எனக்கு மூத்தவள் ஒருத்தி கைக்குழந்தையிலேயே போய்விட்டாள் என்பது தெரியும். எப்படிப் போனாள் என்று வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள். "நானும் ஒங்கம்மையும் வேல முடிஞ்சு வந்து பாக்கோம், ஜன்னல் தெறந்து கெடக்கு. வீடு பூரா மஞ்சு. தொட்டில் துணியெல்லாம் ஈரம். அதுக்கப்புறம் அவ மூச்சு சரியாவே வரல."

அவ்வளவுதான் சொன்னீர்கள். நான் இத்தனை நாள் பிடிவாதம் என்று நினைத்துச் சண்டை போட்டது அதனோடுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அண்ணனிடம் அனுப்பிவிடுகிறேன் என்றேன். அடுத்த வெயிலைத் தாங்க மாட்டார் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். நீங்கள் கேட்கவில்லை. "நீ இங்க தனியாக் கெடக்க, நான் அங்க போயி சொகமாப் படுத்துக் கெடக்கவா? ஜன்னலத் தெறந்தே வைக்கேன், போ." அன்று முதல் தினமும் மூன்று மணிக்குப் போன் செய்வேன். "தெறந்திருக்கா?" என்பேன். "தெறந்துதாம் கெடக்கு. நீ வேலயப் பாரு" என்பீர்கள். உண்மையில் என்ன நடந்தது என்று பழனியம்மாக்கா சொன்னார். மூன்று மணி ஆனால் எழுந்து ஜன்னலுக்குப் போவீர்களாம். தாழ்ப்பாள் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பீர்களாம். பிறகு அப்படியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, போன் அடிக்கக் காத்திருப்பீர்களாம். உயிருக்குப் பயந்து நீங்கள் செய்த காரியம் இல்லை அது. நான் வேலையில் நிம்மதியாக நிற்க வேண்டும் என்று செய்தது. அதைக் கேட்ட அன்று கம்பெனிப் பாத்ரூமில் போய் அழுதேன்.

அப்படியே அந்தக் கோடையைத் தாண்டிவிட்டீர்கள். மழை வந்தது, ஊரே குளிர்ந்தது, நான் மூச்சு விட்டேன். உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியது. கடைசியில் நீங்கள் சொன்னதையே நடத்திக் காட்டிவிட்டீர்கள் அப்பா, இந்த ஒரு வாதத்திலாவது தோற்றிருக்கக் கூடாதா?

ஏசி வார்டு. கண்ணாடி பதித்த சுவர், திறக்கவும் முடியாது, சாத்தவும் முடியாது. மூக்கில் வைத்த குழாயோடு அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

"ஜன்னலச் சாத்து. பிள்ளைக்குக் குளிரும்."

இந்த முறை எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். தாழ்ப்பாள் போடுவதுபோலக் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினேன். "சாத்திட்டேம்பா" என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

இன்று கை சுட்டதும் உதறினேன் என்று சொன்னேன் அல்லவா? உங்களைத் திட்டி முடித்த பிறகு, துண்டு நுனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி அந்தத் தாழ்ப்பாளைப் பிடித்தேன். நீங்கள் எவ்வளவு நேரம் நின்றிருப்பீர்களோ அவ்வளவு நேரம் நின்று பார்க்கலாம் என்றுதான். முடியவில்லை. விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். போன் பக்கத்தில்தான் கிடந்தது. யார் கூப்பிடப் போகிறார்கள்?

திறந்துதான் இருக்கிறது அப்பா. பிள்ளைக்குக் குளிரவில்லை.