சகலன் வீட்டு அன்ரனா

ஜூன் 4, செவ்வாய்

கச்சான் காற்று. காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டுகிறது. பின்நேரம் மூன்றுக்குத்தான் கரண்ட் வந்தது. ரீவி போட்டால் புள்ளி. நேற்றுவரை மூன்று சனல்: கொழும்பு இரண்டு, இந்தியா ஒன்று. இன்று கொழும்பு ஒன்றுதான், அதுவும் செய்தி வாசிப்பவர் அடைமழைக்குள் நிற்கிறார். இந்தியா அடியோடு இல்லை.

செய்து பார்த்தவை:

– கூரையில் ஏறி அன்ரனாவை வடமேற்கே திருப்பினேன். கமலா ஜன்னலடியில். "இப்ப?" "இல்லை." "இப்ப?" "முந்தி இருந்ததும் போயிட்டுது. இறங்குங்கோ."

– சிக்னல் கூட்டுகிற பூஸ்ரரைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டினேன். மாற்றமில்லை.

– ரீவியின் தலையில் தட்டினேன். என் தலையில் அப்பா தட்டியும் ஒன்றும் தெளிவாகவில்லை. பரம்பரை.

வேலிக்கு அந்தப் பக்கம், சகலன் வீட்டில், படம் கண்ணாடிபோல். சத்தம் வேண்டுமென்றே கூட்டி வைத்திருக்கிறான்.

சகலன் குணம், கமலாவின் தங்கை வசந்தியின் புருஷன். மாமனார் ஒரே வளவை நடுவில் வேலியடைத்து இரண்டு பெண்களுக்கும் சீதனமாகக் கொடுத்தார். பெண்கள் பிறந்த மண்ணிலேயே இருக்கிறார்கள். வெளியே இருந்து வந்த நாங்கள் இருவரும் பதினெட்டு வருடமாக அந்த வேலியின் இரு பக்கமும் நின்று உறுமுகிறோம். போன மாதம் அவன் தன் அன்ரனாக் கம்பத்துக்கு இன்னும் இரண்டு குழாய் கூட்டி, புதுப் பூஸ்ரரும் பூட்டினான். துறைமுகத்தில் இருந்து பார்த்தால் கோயில் கொடிமரத்துக்கு அடுத்தது அதுதான் தெரியுமாம். அவனே சொல்லித் திரிகிறான்.

ஜூன் 6, வியாழன்

எனக்கு விளங்கிவிட்டது. அவனுடைய புதிய பூஸ்ரர்தான் என் படத்தைத் தின்கிறது. நிரூபிக்க ஒரே வழி: அவன் ஐந்து நிமிடம் நிற்பாட்டவேண்டும். மானத்தை விட்டு வேலியடிக்குப் போனேன்.

"தம்பி, ஒரு அஞ்சு நிமிசம் பூஸ்ரரை நிப்பாட்டிப் பாப்பமே?"

"ஏலாது அண்ணை. உள்ளுக்குப் பத்துப் பேர் இருந்து பாக்கினம்."

"அஞ்சு நிமிசம்தான்."

"உங்கட அன்ரனாவைக் கோழிக்கூட்டுக்குப் போடுங்கோ. மூடியாவது உதவும்."

உள்ளே பத்துப் பேரும் சிரித்தார்கள். எண்ணிக்கை சரிதான்.

ஜூன் 7, வெள்ளி

பல் வலி. வேலைக்குப் போனால் கந்தோரில் விசிறி ஓடவில்லை.

ஏழரைக்கு இந்தியாவில் பாட்டு. கமலா முகம் கழுவி, பொட்டு வைத்து, எங்கள் வீட்டுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வேலி ஓட்டைக்குள்ளால் தங்கை வீட்டுக்குப் போனாள். எங்கள் கதிரையை.

"வாறதெண்டால் வாங்கோ. இல்லாட்டில் புள்ளியைப் பாத்துக்கொண்டிருங்கோ."

புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பேப்பர் எடுத்தேன்.

இந்த ஒழுங்கையில் யாருக்கு விண்ணப்பம், முறைப்பாடு, மன்றாட்டம் எழுதவேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்காக எழுதியது இதுவே முதல் தடவை. மொட்டைக் கடிதம். ரீவி லைசென்ஸ் பார்க்கிற கந்தோருக்கு. இடது கையால். இன்ன விலாசத்தில் லைசென்ஸ் இல்லாமல் ரீவி ஓடுகிறது என்று மூன்று வரி. அது போதும். ஆனால் வாசித்துப் பார்த்தால் உப்புச் சப்பில்லை. கடைசியில் ஒன்று சேர்த்தேன்: "இரவு பகலாகக் கம்பத்தைக் கடற்பக்கம் திருப்பித் திருப்பி அன்னார் யாருடன் உரையாடுகிறார் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்." இப்படிக்கு, உண்மை விரும்பி.

தனியே இருந்து சிரித்தேன். ரீவி அன்ரனா கேட்கும், கதைக்காது. பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜூன் 9, ஞாயிறு

தபாலில் போட்டாயிற்று. பல் பரவாயில்லை. வசந்தி நண்டுக் கறி கொடுத்தனுப்பினாள். சாப்பிட்டேன். கறிக்கும் கம்பத்துக்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 18, செவ்வாய்

காலை ஏழு மணி. ஒழுங்கையில் ட்ரக். லைசென்ஸ்காரர் ட்ரக்கில் வருவதில்லையே என்று எட்டிப் பார்த்தேன். ராணுவ முகாமில் இருந்து ஆறு பேர். குணத்தின் கம்பத்தை அடியோடு அறுத்துச் சாய்த்தார்கள். அன்ரனா, பூஸ்ரர், ரீவி எல்லாம் ஏற்றினார்கள். கடைசியாகக் குணத்தை ஏற்றினார்கள். சாரத்தோடு. வசந்தி அவனுடைய சேட்டைக் கொண்டு ஓடினாள், வாங்கவிடவில்லை.

ஒழுங்கை முழுதும் கதவு பூட்டு. என் கதவும்.

பின்நேரம் கந்தோர்ச் சிநேகிதர் ஒருவர் மூலம் விசாரித்தேன். லைசென்ஸ் கந்தோரில் யாரோ கடைசி வரியை வாசித்துவிட்டு, இது நமக்குரியதல்ல என்று மேலே "உரிய நடவடிக்கைக்காக" என எழுதி முகாமுக்கு அனுப்பிவிட்டார். கையில் வைத்திருக்க விருப்பமில்லாத கடிதம் எதையும் அப்படித்தான் அனுப்புவது. நானே இருபது வருடமாக அனுப்புகிறேன். ஒன்றாவது எங்கே போய் விழுந்தது என்று பார்த்ததில்லை.

ஜூன் 19, புதன்

காய்ச்சல் என்று லீவு. வசந்தி வந்தாள். கண் வீங்கி.

"அத்தான், நீங்கள் எழுதினால் நல்லா எழுதுவியள். அவரை விடச் சொல்லி ஒரு கடிதம் எழுதித் தாங்கோ."

எழுதினேன். வலது கையால். ஒரு அலங்காரமும் இல்லாமல், பச்சைத் தண்ணிபோல. இவ்வளவு மோசமாக நான் எழுதியதில்லை.

கமலா சமைக்கவில்லை. "எழுதினவன்ர கை அழுகிப் போகவேணும்," என்று குசினியில் இருந்து சொன்னாள். ஓம் என்றேன்.

ஜூன் 20, வியாழன்

அந்தப் பக்கக் கம்பம் போய் இரண்டு நாள். எங்கள் ரீவியில் இன்னும் புள்ளிதான்.

கிண்ணியாவில் இருந்து ரீவி திருத்துகிற சலீம் நானா வந்தார். போன வாரமே சொல்லி வைத்தது. முதலில் ரீவியைப் பார்த்தார், பிறகு பூஸ்ரரை, பிறகு வயரைப் பிடித்துக்கொண்டே கூரைக்கு ஏறினார். அன்ரனாவில் வயர் பூட்டும் சின்னப் பெட்டியைத் திறந்து காட்டினார். செம்பு பச்சையாகப் பொரிந்திருந்தது.

"கடற்காத்து, ஐயா. உப்புத் தின்டிருக்கு. எத்தினை வருசம் திறக்காம?"

"பூட்டின நாளில இருந்து," என்றேன். பிறகும் விடவில்லை, கேட்டேன்:

"பக்கத்து வீட்டு பூஸ்ரராலயும் இப்பிடி வருமா நானா?"

"அவங்கட பூஸ்ரர் அவங்கட பாடு. இது உங்கட வயர்."

நுனியை வெட்டி, சுரண்டி, ஈயம் வைத்து, மெழுகுதிரியால் மூடினார். பத்து நிமிடம். மூன்று சனலும் வந்தன. இந்தியா கண்ணாடிபோல். ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள். கமலா வந்து நிற்பாட்டிவிட்டுப் போனாள்.

ஜூன் 21, வெள்ளி

முகாம். நான், கமலா, வசந்தி. வாசலில் மூன்று மணித்தியாலம், நிழல் இல்லை. பிறகு ஒரு மேசைக்கு முன்னால். அதிகாரிக்குத் தமிழ் ஓரளவு. பைலைத் திறந்தார். என் இடது கை அதற்குள் இருந்தது.

"இது எழுதினது உங்க ரோட் ஆள். யார்?"

"தெரியாது சேர்," என்றாள் வசந்தி. அவர் என்னைப் பார்த்தார். நானும் தெரியாது என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ரீவி அன்ரனாதான். நாங்க செக் பண்ணினது. ஆனா இவருக்குப் பொறுப்பு நிக்க ஆள் வேணும். ஞாயிறு ஞாயிறு ரெண்டு பேரும் வந்து சைன். அவர் ஓடினா, பொறுப்பு நின்ற ஆள் உள்ளுக்கு."

வசந்தி என்னைப் பார்க்கவில்லை. கமலா பார்த்தாள். ஓடிவிடலாமா என்று யோசித்தேன். நிற்கிறேன் என்றேன்.

கையெழுத்து வைக்கும்போது வலது கை நடுங்கிய நடுக்கத்தில் அது அச்சாக இடது கையெழுத்துப்போல விழுந்தது. பைல் திறந்தபடி, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில். அதிகாரி குனிந்து பார்த்தார்.

"கந்தோர் ஆள். எழுத்து இப்பிடியா?"

"காய்ச்சல் சேர்."

மூடினார்.

குணத்தை ஐந்து மணிக்கு விட்டார்கள். யாருடைய சேட்டோ போட்டிருந்தான், அதற்குள் இரண்டு பேர் நுழையலாம். வீட்டில் கதிரை கொடுத்தோம். நுனியில் இருந்தான், சாயவில்லை. தேத்தண்ணி குடித்தான்.

ஜூன் 23, ஞாயிறு

முதல் சைன். காற்று எதிர்க்காற்று. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஓடுகிற நிலையில் ஒரே சைக்கிள், என்னுடையது. வாசலில் நின்று குணம் பின் கரியரைக் காட்டினான்.

"நான் பின்னுக்கு. நீங்கள் மிதியுங்கோ."

கடைச்சந்தி தாண்டியதும் என் பிடரிக்குப் பின்னால்:

"கடிதத்தை வாசிச்சு வாசிச்சுத்தான் கேட்டவங்கள், அண்ணை. எனக்கு இப்ப மனப்பாடம். 'அன்னார்' எண்டு எழுதுற ஆள் இந்த ஒழுங்கையில ஒராள்தான்."

சைக்கிள் ஒரு பக்கம் போய்த் திரும்பியது.

"தம்பி, நான் லைசென்ஸ் கந்தோருக்குத்தான்…"

"முன்னுக்குப் பாத்து ஓடுங்கோ."

"சொல்லிப்போட்டியோ அங்க?"

"சொல்லியிருந்தா நீங்கள் உள்ளுக்கு. பிறகு எனக்கு ஆர் பொறுப்பு நிக்கிறது? வசந்திக்கும் சொல்லேல்லை, அக்காவுக்கும் சொல்லேல்லை. இப்போதைக்கு."

அந்த "இப்போதைக்கு" இன்னும் காதுக்குள்.

முகாம் மேடு தொடங்கியது. மூச்சு வாங்கியது. எனக்கு நாற்பத்தொன்பது, அவன் எண்பது கிலோ. இறங்கித் தள்ளுவோமா என்று கேட்டேன்.

"நடக்க ஏலாது அண்ணை. முதுகு நோகுது. நீங்கள் மிதியுங்கோ."

எத்தனை ஞாயிறு என்று முகாமில் கேட்டேன். அவர்களுக்கும் தெரியாதாம்.