முத்துத்தாய் திரும்பிய டேக்

காஜிமார் தெரு, மதுரை
12.6.2025

அன்புள்ள பேயாண்டி அண்ணனுக்கு,

அப்சானா எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலமா? போன மாதம் உங்கள் வீட்டில் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பைச் சொல்லிச் சொல்லியே எங்கள் அம்மாவுக்குப் பொறாமை வரவழைத்துவிட்டேன்.

நீங்கள் ‘கிணத்துப் படம்’ என்று சொல்வீர்களே, அது உருவான கதையைத்தான் ஆவணப்படமாக எடுத்து வருகிறேன். அந்தப் பழைய படத்தின் கடைசிக் காட்சியில் முதுகைக் காட்டியபடி ஒருத்தி கிணற்றை நோக்கி நடப்பாள். திரும்புவாளா மாட்டாளா என்று தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். கடைசிவரை திரும்பமாட்டாள். கதாநாயகிக்குப் பதிலாக நடந்தது உங்கள் அக்கா முத்துத்தாய் என்பது வெளியே யாருக்கும் தெரியாது.

அண்ணே, கழித்துப் போட்ட படச்சுருளில், அதே காட்சியை எடுத்த இன்னொரு டேக் கிடைத்திருக்கிறது. அதில் அக்கா திரும்புகிறார். யாரோ கூப்பிட்டதுபோல் சட்டென்று திரும்பி, வாய் நிறையச் சிரிக்கிறார். சத்தம் பதிவாகவில்லை. கூப்பிட்டது யார்?

உங்கள் மகள் சத்யப்ரியாவின் போனுக்கு அதை அனுப்பியிருக்கிறேன். என் படத்தை இந்தச் சிரிப்போடுதான் முடிக்கப் போகிறேன். சம்மதம் சொல்லுங்கள்.

அன்புடன்,
அப்சானா

பேரையூர்
20.6.2025

தங்கச்சி அப்சானாவுக்குப் பேயாண்டி எழுதிக்கொண்டது.

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன். மகள் காட்டினாள். அக்காதான். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. எனக்கே முகம் மறந்துபோயிருந்தது.

கூப்பிட்டது எங்கள் அம்மா. வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நின்று, “ஏ முத்துத்தாயி, பாத்துப் போடி!” என்று கத்திவிட்டது. ஷாட் கெட்டுப்போச்சு என்று டைரக்டர் எல்லார் முன்னாலும் அக்காவைக் கண்டபடி பேசினார். மறு வருசமே மஞ்சள்காமாலையில் அக்கா போய்விட்டது. “எம்மகளுக்கு நான் வாங்கிக் குடுத்தது அந்தத் திட்டுதான்” என்று அம்மா இன்னும் அழும்.

கல்யாணம் ஆகாமல் போனதால் அக்கா எங்கள் வீட்டுக் கன்னித் தெய்வம். தைப் பொங்கலுக்கு மறுநாள் ஓலைப்பெட்டியில் புதுப் பாவாடை தாவணி வைத்துக் கும்பிடுவோம். கன்னிக்குப் படம் வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை. சாமியாக இருக்கிறவளை ஊர் உலகம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணுமா? வேண்டாம் தாயி. கோபித்துக்கொள்ளாதே. அம்மாவிடமும் காட்டவில்லை. அது தாங்காது.

இப்படிக்கு,
பேயாண்டி

மதுரை
3.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு வருட உழைப்பு. அந்தச் சிரிப்பு இல்லாமல் என் படம் மொட்டையாக நிற்கிறது. ஆனாலும் அதைப் படத்திலிருந்து நீக்கிவிட்டேன். உங்கள் வீட்டுப் பெண்ணை உங்கள் மனம் நோகக் காட்ட எனக்கு இஷ்டமில்லை.

நீங்கள் பார்த்துவிட்டீர்கள். எங்கிருந்தோ வந்த நானும் பார்த்துவிட்டேன். பெற்றவர் பார்க்கவில்லை. அது மட்டும் எனக்கு நியாயமாகப் படவில்லை அண்ணே.

அப்சானா

பேரையூர்
12.7.2025

தங்கச்சிக்கு,

நேற்று அம்மாவிடம் காட்டினேன். கண் சரியாகத் தெரியாததால் போனை மூக்கருகே பிடித்துக்கொண்டது. அக்கா கிணற்றுப் பக்கம் நடந்ததும், “ஏ முத்துத்தாயி, பாத்துப் போடி!” என்று அம்மா போனைப் பார்த்துக் கத்தியது. அக்கா திரும்பிச் சிரித்தது. சத்யப்ரியா அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாள்.

அம்மா அழவில்லை. “என்னயப் பாத்துல்ல சிரிக்கிறா” என்றது. திரும்பப் போடச் சொன்னது. திரும்பவும் கூப்பிட்டது.

இதை நீ படத்திலிருந்து எடுத்துவிட்டதைச் சொன்னேன். சந்தோசப்படும் என்று நினைத்தேன். என்னைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டது.

“என்ன நடந்தாலும் திரும்பிப் பாக்காதவளா எம்மகள இம்புட்டு வருசமா ஊருக்கெல்லாம் காட்டிப்புட்டாங்க. நான் கூப்புட்டேன், அவ திரும்புனா. அதப் போடச் சொல்லுடா.”

போடு தாயி.

பேயாண்டி