ஜன்னலைத் திறக்க மாட்டாராம்

லகாட்,
ஜனவரி 5

அன்பு மகள் ஷர்மினிக்கு, அம்மா ஆசியுடன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் தீபனும் பெர்த்தில் சுகமாக இருக்க முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இங்கேயும் சுகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், நான் எங்கே வாயைத் திறப்பது? அதனால்தான் கடிதம்.

பேரன் நல்லபடியாகப் பிறந்தால் தன் கையாலேயே காவடி செய்து கல்லுமலைக் கோயிலுக்குத் தூக்குவதாக வேண்டிக்கொண்டார் அல்லவா, அது இப்போது உன் பழைய அறையில் உருவாகிறது. வெள்ளை ஃபோமைச் சூடான கம்பியால் அறுத்து மயில் செய்கிறார், கம்பி பட்ட இடமெல்லாம் புகை, அதற்கு மேல் தங்கநிற ஸ்ப்ரே, பெயிண்ட் கரைக்கிற தின்னர், பசை. நெடி சமையலறை வரை வந்து நிற்கிறது. ஜன்னலைத் திறங்களேன் என்றால் பக்கத்து வீட்டு அர்ச்சுனன் டிசைனைப் பார்த்துவிடுவானாம், கண்ணாடி முழுக்கப் பேப்பர் ஒட்டி வைத்திருக்கிறார். ஃபேன் போட்டால் ஈரப் பெயிண்டில் தூசி ஒட்டுமாம். "ஏர்கோன் ஓடுதுலா, காத்து வருதே, இன்னும் என்னா வேணும் உனக்கு" என்கிறார். ஏர்கோன் உள்ளே இருக்கிற அதே காற்றைத்தான் குளிராக்கிச் சுற்றிவிடுகிறது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டு ரிமோட்டில் இன்னும் இரண்டு குறைத்தார். போன வெள்ளிக்கிழமை நெடி போகட்டும் என்று தணலில் சாம்பிராணி போட்டு அந்த அறைக்குள்ளேயே கொண்டுபோனார். தின்னர் டின் மூடியில்லாமல் கிடக்கிறது! ஓடிப்போய்ப் பிடுங்கி வாசலில் வைத்தேன். சாமி புகையைத் தடுத்துவிட்டேனாம், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

நீ அனுப்பிய மாஸ்க்கைப் போட்டுக்கொள்கிறார், பொய் சொல்லக் கூடாது. ஆனால் விரதத் தாடி இருக்கிறதே, தைப்பூசம் முடிகிறவரை கத்தி படக்கூடாது. அந்தத் தாடியில் மாஸ்க் கன்னத்தோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது, ஓரமெல்லாம் இடைவெளி. நெடி வருகிறதா என்று கேட்டால், "லேசா வருது, முருகன் வேலைலா, ஒன்னும் ஆகாது" என்கிறார். ஒன்றும் ஆகாதவர் மார்க்கெட்டுக்கு நடக்கும்போது இரண்டு இடத்தில் ஏன் மூச்சு வாங்கி நிற்கிறார்? கிளினிக்கில் டாக்டரிடம் தூசி அலர்ஜி என்று சொல்லி மருந்து வாங்கினார், பெயிண்ட் கதையை எடுக்கவே இல்லை. நான் சொல்லப்போனால் என் காலை மிதிக்கிறார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. உன் மேலும்தான். அவர் அனுப்புகிற படத்துக்கெல்லாம் ஹார்ட் போட்டு சூப்பர் அப்பா என்கிறாய். அதை என்னிடம் காட்டி, "பாத்தியா, மவளே ஒன்னும் சொல்லல" என்று அடுத்த மயிலை அறுக்க உட்கார்ந்துவிடுகிறார். காவடியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது என் பேரனுக்கான வேண்டுதலும்தான். வாசலில் கார் நிற்கிற இடத்தில் வைத்து, அர்ச்சுனன் வீட்டுப் பக்கம் மட்டும் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு செய்தால் என்ன குறைந்துபோகும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே தனியாக மயங்கி விழுந்துவிட்டால் யார் பார்ப்பது என்று பயந்து, ஃபோம் துண்டு பொறுக்குகிற சாக்கில் ஒரு மாதமாக நானும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மாஸ்க் ஒன்றுதான் இருக்கிறது, அது அவருக்கு. இப்போது பத்து நாளாக எனக்கும் இருமல். உன் அப்பா அதைச் சளி என்று நினைத்துக்கொண்டு மயிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் இஞ்சி டீ போட்டுத் தருகிறார். தன் மூச்சைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, என் இருமலுக்கு எழுந்துவிடுகிறார். அந்த அறையால்தான் என்று நான் சொன்னால், ஜன்னலைத் திறக்க வைக்க நாடகம் போடுகிறாய் என்பார். நீ சொன்னால் நம்புவார்.

முருகன் அருளால் மூவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். பேரனுக்கு என் முத்தம், அங்கே வெயில் காலம், தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. கடிதம் கிடைத்த அன்றே அப்பாவைக் கூப்பிடு. அதட்டாதே. அந்த அறையால்தான் அம்மா இருமுகிறாள் என்று மட்டும் சொல்.

என்றும் உன் அம்மா,
புஷ்பலதா