படியேறும்போது பேசலாகாது

சிந்துபூந்துறை, திருநெல்வேலி
11-11-2025, செவ்வாய்க்கிழமை (விசுவாவசு, ஐப்பசி 25)

அன்பு மகள் மதுமதிக்கு,

நெல்லையப்பர் காந்திமதியம்மை அருளால் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் வளரும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கு உன் அம்மா சுகம். நான் சுகம் என்று சொன்னால் தொலைபேசியில் நீ நம்புவதில்லை. ஆகையால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். என்னைத் தனியே விட்டு உன் பேறுகாலத்துக்கு எடின்பரோ வர உன் அம்மா தயங்கிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். உன் அத்தை ஞானம்பாள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்து என்னோடு இருப்பதாகச் சொல்லியும் உன் அம்மாவின் மனம் இசையவில்லை. நானும் உடன் வரலாம் என்றால், விமானத்துக்குள் காற்று மலைமேல் இருப்பதுபோல் மெலிந்திருக்கும், வேண்டாம் என்று டாக்டர் தடுத்துவிட்டார். 06-03-2025 அன்று அவர் என் நுரையீரலில் தழும்பு என்று சொன்னபோது நான் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை, இப்போது விளங்கிவிட்டது. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவிலுள்ள மெல்லிய சவ்வு தடித்துப்போயிருக்கிறது. உட்கார்ந்திருக்கையில் ரத்தம் நிதானமாக ஓடுவதால் பிராணவாயு எப்படியோ ஏறிவிடுகிறது. நடந்தால் ரத்தம் விரைகிறது. நம் வண்ணார்பேட்டையில் சரியாக நிற்காமல் நகரும் பேருந்தைப்போல், வாயிலும் குறுகி நேரமும் குறைந்தால் எத்தனை பேர் ஏற முடியும்?

இது புரியாமல், விரலில் மாட்டும் பிராணவாயு அளவுக் கருவியை நாற்காலியில் சாய்ந்தபடியே மாட்டி, தொண்ணூற்றாறு காட்டுகிறது பார், நீ தாராளமாகப் போய்வா என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், "இது நாக்காலிக்குள்ள கணக்கு. நீங்க என்னைக்கு ஒரு எடத்துல சும்மா இருந்திய?" என்று கேட்டுவிட்டு, ஒரு நிபந்தனையும் போட்டாள். நடக்கும்போது டாக்டர் மாட்டச் சொன்ன பிராணவாயு இயந்திரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு நடந்து, படித்துறையில் இறங்கி, மறுபடி நிற்காமல் ஏறிவர வேண்டும். எண் எண்பத்தெட்டுக்குக் கீழே போகக்கூடாது, அது டாக்டர் வகுத்த எல்லை. 12-10-2025 ஞாயிறன்று முயன்று தோற்றேன். படியேறும் நேரம் பார்த்து டீக்கடை மாடக்கண்ணு ஏதோ கேட்க, நான் விளக்கமாகப் பதில் சொல்லிக்கொண்டே ஏறினேன்; மேலே வந்தபோது எண்பத்திரண்டு. கண் இருட்டிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா என் முதுகைத் தடவினாள். வீட்டுக்கு வந்ததும், எடுத்து வைத்திருந்த விமான டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லிவிட்டாள். ஒரு மாதம் தவணை கேட்டு வாங்கினேன்.

மறுநாளே பிசியோதெரபிப் பெண் சித்ரலேகாவிடம் முறையிட்டேன். அவள் சிரித்து, "நடக்கதுல ஒண்ணும் தப்பில்ல சார், நடந்துக்கிட்டே பேசுதீங்கல்லா, அதுதான். இருக்க மூச்சயெல்லாம் பேச்சுல விட்டுட்டு, இழுக்க மறந்துருதீங்க" என்றாள். நுரையீரல் தழும்பு மாறாது. ஆனால் கால்கள் பழகிவிட்டால் அதே நடைக்கு முன்னளவு திணறல் இராது என்றும் சொன்னாள். அன்றிலிருந்து, கொதிக்கும் காப்பியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மூச்சுவிட்டபடி தினமும் நடக்கிறேன், வாய் திறப்பதில்லை. நம் ஊரில் நலம் விசாரித்தவருக்குப் பதில் சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நீ அறிவாய். ஒரு வாரத்தில் மாடக்கண்ணு வீட்டுக்கே வந்துவிட்டான். "மதனி, அண்ணாச்சிக்கு எம்மேல என்ன கோவம்? காப்பில சீனி கூடிப் போச்சுன்னா மொகத்துக்கு நேரா சொல்லிர வேண்டியதுதான?" உன் அம்மா அவனை உட்காரவைத்துக் காரணத்தைச் சொன்னாள். அதோடு நிற்காமல் ஒரு சூழ்ச்சியும் செய்திருக்கிறாள். அது எனக்குப் பிறகே தெரிந்தது.

முந்தாநாள், 09-11-2025 ஞாயிறு, மறுபடி பரீட்சை. பாதிப் படி ஏறியிருப்பேன். மேலிருந்து மாடக்கண்ணு ஊருக்கே கேட்கும்படி, "அண்ணாச்சி, நம்ம ஆத்துல பெருவெள்ளம் வந்தது இருபத்திரெண்டாம் வருசந்தான? இங்கன ஒரு பந்தயம்லா கெடக்கு!" என்றான். நான் பேசவில்லை. "அப்ப இருபத்தொண்ணா? பைய யோசிச்சுச் சொல்லுங்க!" என்றான். யார் தேதியைத் தப்பாகச் சொன்னாலும் உடனே திருத்திவிடும் எனக்கு, 2023 டிசம்பர் 17, 18 என்பது நாக்கு நுனியில் நிற்க, மகளே, உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே ஏறி முடித்தேன். தொண்ணூறு. உன் அம்மா என் விரலைப் பிடித்துக் கருவியைப் பார்த்தாள். "தேதிய தப்பாச் சொல்லியே வாயத் தொறக்கல. இனிமே உங்கள நம்பி விட்டுட்டுப் போலாம்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூச்சு சீரானபின் நான் கடைக்குச் சென்று தேதியைத் திருத்தினேன். "அது தெரியாமலா அண்ணாச்சி? எங்கடையே அதுலதான முங்கிச்சு. மதனிதான் தப்பாக் கேக்கச் சொன்னாவ" என்றான் அந்தப் படவா.

ஆகவே 04-12-2025 வியாழனன்று உன் அம்மா புறப்படுகிறாள். உடன்குடிக் கருப்பட்டியும் பிரசவ மருந்துச் சாமான்களும் கட்டியாயிற்று. அவளுக்கு அங்குள்ள குளிர் புதிது. மாப்பிள்ளை கனமான கம்பளிச் சட்டையோடு விமான நிலையம் வரட்டும். நீயும் டாக்டர் அனுமதிக்கும் அளவு தினமும் நட. ஒரே மூச்சில் இருவருக்கும் இழுக்கிறாய், நினைவிருக்கட்டும்.

சுகப்பிரசவமாகி, தாயும் சேயும் நிறைந்த ஆயுளோடு வாழ என் ஆசிகள். கடைசியாக ஒன்று. இங்கு காலை ஆறரை முதல் ஏழு வரை நான் நடக்கும் நேரம். அங்கு நடுராத்திரியானாலும் கைக்குழந்தை உள்ள வீட்டில் யாராவது விழித்திருப்பீர்கள். உன் அம்மா அப்போது என்னை அழைத்தே தீருவாள். நான் எடுக்கமாட்டேன். எடுக்கவில்லை என்றால் படியேறிக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்குச் சொல்.

இப்படிக்கு,
உன் தகப்பனார்,
பா. சிவசைலம்